கடைசி ஷெட்டில் ஒரு ஜெர்மன் கார்

அத்தியாயம் 7

'க்ளக்' என்றது.

நான்கு கதவுகளும் ஒரே குரலில் சொன்ன 'க்ளக்'. அடுத்து ஷெட்டின் மரக்கதவு வெளியிலிருந்து சாத்தப்படும் சத்தம். அடுத்து கொண்டி விழும் சத்தம். அதற்கப்புறம் சத்தம் என்று சொல்லிக்கொள்ள பாலகுருவின் நெஞ்சு மட்டும்தான் மிச்சம்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த பாலகுரு கதவுப் பிடியை இழுத்தான். பிடி வந்தது. கதவு வரவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க பக்கம் தொறக்குதா?"

"தொறந்தா நான் ஏம்லே ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன்?" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த பத்திரகாளி.

விருதுநகரில் 'பத்திரகாளி துப்பறியும் நிலையம்' என்ற போர்டைப் பார்த்து மாடியேறுகிறவர்கள் ஒரு பெண்மணியை எதிர்பார்த்து வருவார்கள். அங்கே மீசையும் தொந்தியுமாக ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பாதிப் பேர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர்தான் கட்சிக்காரர்கள். அந்த மீதியிலும் பாதி, உதவியாளர் பாலகுரு வாயைத் திறந்ததும் இறங்கிவிடும்.

இறங்காமல் நின்றவள் மாரிசெல்வி. சிவகாசித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். அவளுடைய அண்ணன் புகழேந்தி இப்போது லாக்கப்பில் இருந்தான். இன்று பொழுது சாய்ந்ததும் மாஜிஸ்ட்ரேட் வீட்டில் ஆஜர்படுத்துவார்கள். அதற்குள் அவன் திருடவில்லை என்று காட்டாவிட்டால் ரிமாண்டு. ரிமாண்டு என்றால் அவனுடைய மொபைல் கடைக்கு வாடகைக்கு இடம் கொடுத்தவர் வேறு ஆள் பார்ப்பார், மாரிசெல்விக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்ப்பார்கள்.

புகழேந்தி செய்த குற்றம் அதிகம் படித்தது. வெளிநாட்டுக் கார்களில் எல்லா வசதியும் உள்ளேயே இருக்குமாம். கம்பெனிக்காரன் பாதியை மறைத்துப் பூட்டி அனுப்புவானாம். புகழேந்தி இன்டர்நெட்டில் படித்து, தன் லேப்டாப்பை ஒரு கேபிளால் காரோடு கோத்து, அந்த மறைவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுவான். சாவியை அமுக்கினால் கார் நான்கு கண்ணையும் சிமிட்டும். இறங்கி நடந்தால் வாசல் வரை முன்விளக்கு துணைக்கு எரியும். ஊமையாக வந்த நேவிகேஷன் பேச ஆரம்பிக்கும். இப்படித்தான் பட்டாசுக் கம்பெனி முதலாளி ரத்தினசாமி கொச்சியில் வாங்கி வந்த ஜெர்மன் காரையும் கண்சிமிட்ட வைத்தான்.

அந்த வாரமே, ஒரு மத்தியானக் கரண்ட் கட்டில், அந்தக் கார் போர்டிகோவிலிருந்து காணாமல் போனது. கண்ணாடி உடையவில்லை. பூட்டு நெளியவில்லை. காரைக் கம்ப்யூட்டரால் ஆட்டுவிக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தான். போலீஸ் அவனைப் பிடித்தது. சாட்சியமாக அவனுடைய கம்ப்யூட்டரையும் கைப்பற்றியது, அதாவது கடையிலிருந்த மானிட்டரை மட்டும். லேப்டாப்பை ஏதோ டிபன் பெட்டி என்று நினைத்து விட்டுவிட்டுப் போனார்கள்.

லாக்கப் கம்பிக்குள்ளிருந்து புகழேந்தி ஒரே ஒரு விஷயம் சொன்னான். நேவிகேஷனைச் சோதித்தபோது திரையில் 'வீடு' என்று ஒரு கொடி தெரிந்ததாம். அது சிவகாசியில் இல்லை. தாயில்பட்டிக்கு அந்தப் பக்கம், மேப்பில் ரோடே இல்லாத வெற்றிடத்தில் நட்டிருந்தது. "இது யாரு வீடு, இங்கன காடுல்ல இருக்கு?" என்று போர்டிகோவில் எல்லார் முன்னாலும் சத்தமாகச் சிரித்துக்கொண்டே கேட்டானாம். புத்திசாலிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான்.

கொடியைத் தேடி வந்தார்கள். போர்டு இல்லாத ஒரு பட்டாசு யூனிட். மாரிசெல்வியை எதிரே டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு, லேபிள் பிரஸ் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள். வாட்ச்மேன் ஒச்சப்பன் வழக்கம்போல் செல்போன்களை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். லேபிள் மாதிரிகள் இருந்த பையை அவர் கிளறவில்லை. கிளறியிருந்தால் அடியில் புகழேந்தியின் லேப்டாப் கிடைத்திருக்கும். வேலையாட்கள் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்த நேரம். கடைசி ஷெட்டில், தார்ப்பாய்க்கு அடியில், கார்.

தார்ப்பாயைப் பின்பக்கமிருந்து பாதி சுருட்டி, திறந்திருந்த கதவு வழியாக இருவரும் உள்ளே ஏறினார்கள். க்ளக்.

"கண்ணாடிய ஒடைப்போமா?" என்றான் பாலகுரு. சீட்டின் தலையணையைப் பிடுங்கினான். அதன் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருந்தன.

"கீழ பாருலே."

பாலகுரு கண்ணாடி வழியே கீழே பார்த்தான். தரையெல்லாம் சாம்பல் நிறத்தில் பொடி சிந்திக் கிடந்தது. சாம்பல் இல்லை. பட்டாசு மருந்து. சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளிலும் அதுதான்.

"இரும்பு பட்டு ஒரு பொறி விழுந்துச்சுன்னா, நம்மள அடையாளம் காட்ட ஒன் அரியர் பேப்பர்கூட மிஞ்சாது."

பாலகுரு தலையணையை, தூங்கும் குழந்தையை வைப்பதுபோல, மடியில் வைத்துக்கொண்டான். பிறகு ஹாரனை அமுக்கிப் பார்த்தான். சாவி இல்லாத அந்தக் காரில் ஹாரன்கூட மௌனவிரதம். கத்திப் பார்த்தான். தன் குரல் தன் காதுக்கே திரும்பி வந்து, வேறு போக்கிடம் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இருவர் மூச்சும் கண்ணாடியில் பனித்தது.

"யாரு அண்ணாச்சி பூட்டுனது?"

"சாவி வெச்சிருக்கவன். சாவி ரெண்டு. ஒண்ணு ரத்தினசாமி இடுப்புல கெடக்கு, காலையில நாமளே பாத்தோம். இன்னொண்ணு மகன் ஹரிபிரசாத்துட்ட இருந்து தொலைஞ்சு போச்சாம்."

காலையில் ரத்தினசாமி வீட்டுக்குப் போனபோது அவர் இவர்களைப் பார்த்துக் கத்தினார். "களவாணிப்பயலுக்கு வக்காலத்தா?" என்று கேட்டார். அவர் மனைவி சுப்புலட்சுமிதான் காபி கொடுத்து, "அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தா களவாங்குற மாதிரி தெரியல. நீங்க எதுக்கும் நல்லாத் தேடிப் பாருங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த வீட்டில் மனிதர் என்று சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று பாலகுரு அப்போது நினைத்தான்.

"அப்ப மகன்தான்," என்றான்.

"மகன் கோயம்புத்தூர்ல பரீச்சை எழுதிட்டு இருக்கான். இந்த வண்டி நிக்கிறதக் கவனிச்சியா? மூஞ்சி வாசலப் பாத்து, ரிவர்ஸ்ல விட்டிருக்கு. பட்டாசுத் தொழில்ல பொறந்து வளந்த ஆளுதான் எங்கன நிறுத்தினாலும் ஓடுறதுக்கு வாகா நிறுத்துவான். மகன் ஹாஸ்டல்ல வளந்த பய. சரி, பையில இருக்கத வெளிய எடு. நீ கம்ப்யூட்டர் சயின்ஸுதான?"

"ரெண்டு அரியர் இருக்கு."

"மத்தத வெச்சுத் தொற."

ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் துழாவி, கேபிளைச் சொருகும் துவாரத்தைக் கண்டுபிடித்தான் பாலகுரு. லேப்டாப் உயிர் பெற்றது. பேட்டரி குறியில் ஒரு கோடு மட்டும் இருந்தது. திரை முழுக்க ஜெர்மன் வார்த்தைகள். ஒவ்வொன்றும் கூட்ஸ் வண்டி நீளம். சிலவற்றுக்கு எதிரே புகழேந்தி தமிழில் தட்டி வைத்திருந்த குறிப்புகள்: 'இது லைட்', 'இது சின்ன லைட்', 'இதைத் தொடாதே'.

பாலகுரு குறிப்பு இல்லாத ஒரு வரியை நம்பிக்கையோடு மாற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பத்திரகாளி நெளிந்தார்.

"ஏலே, சீட்டு சுடுது."

"குளிர் நாட்டுக்காரனுக்கான வசதி அண்ணாச்சி. முன்னால பூட்டி அனுப்பியிருக்கான். இப்பத் தொறந்துட்டேன்."

"இத ஏம்லே தொறந்த? கதவத் தொறக்கச் சொன்னேன்!"

விருதுநகர் மாவட்டத்தில், பூட்டிய ஷெட்டுக்குள், பூட்டிய காருக்குள், சீட்டுக்கு அடியில் கணப்புப் போட்டுக்கொண்ட முதல் மனிதர்கள் தாங்கள்தான் என்று பாலகுருவுக்குத் தோன்றியது. அணைக்க முயன்றதில் நேவிகேஷன் விழித்துக்கொண்டது. வழுவழுப்பான பெண்குரல் ஒன்று அந்நிய மொழியில் ஏதோ அறிவித்தது. திரையில் கொடி. கொடியின்மேலேயே கார்.

"வீட்டுக்கு வந்து சேந்துட்டோம்னு சொல்லுதா இருக்கும்," என்றான் பாலகுரு.

கடைசியில் கதவுப் பூட்டுக்கான வரியைக் கண்டுபிடித்தான். மாற்றினான். சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தது. திரும்ப மாற்றினான். திரும்பவும் மறுப்பு. பக்கத்தில் புகழேந்தியின் குறிப்பு: 'சாவி இல்லாமல் நடக்காது. எவ்வளவோ பார்த்தாச்சு.'

பத்திரகாளி அந்த வரியைப் படித்தார். வேர்வை சொட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாகப் பரவியது.

"இந்தப் பொட்டி லைட்ட மாத்தும், சீட்ட வறுக்கும், பொம்பளையப் பேச வைக்கும். ஆனா கதவத் தொறக்காது. உள்ள இருந்தே தொறக்காதது வெளிய இருந்து எப்படித் தொறக்கும்? போலீஸு கேஸு மொத்தமும் இந்தப் பொட்டி காரத் தொறந்துச்சுங்கறதுதான. கேஸு போச்சுலே! புகழேந்தி இத எடுக்கல. எடுத்தது சாவிதான்."

"அருமை அண்ணாச்சி. போயிச் சொல்லுவோம் வாங்க."

பத்திரகாளியின் சிரிப்பு நின்றது. ஆதாரம் கையில் இருந்தது. கை காருக்குள் இருந்தது.

அப்போது எங்கோ இடி உருண்டது. மரக்கதவின் பலகை இடுக்குகளில் தெரிந்த வெளிச்சம் மங்கிக்கொண்டே போனது. மேகம் கறுத்துக் கூடியிருக்க வேண்டும். வெளியே மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டில் யாரோ தட்டும் ஓசை கேட்டது. இடி இடித்தால் மருந்து வேலையை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் ஷெட்டை விட்டு வெளியேறி கேட் பக்கம் போய் நிற்பார்கள். அப்புறம் வேன் வரும், ஏறிப் போவார்கள். அப்புறம் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சாவி வைத்திருக்கும் ஆளைத் தவிர.

"ஏலே, இந்த ஊர்ல ஷெட்டுக்குள்ள லைட்டு பாத்திருக்கியா?"

"கரண்ட்டே கெடையாதே. பகல் வெளிச்சத்துலதான் வேலை."

"அப்ப ஷெட்டுக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சா அதுக்கு என்ன அர்த்தம்?"

பாலகுரு தரையிலிருந்த பொடியைப் பார்த்தான். "தீ."

"வண்டி வாசலப் பாத்துத்தான் நிக்கி. பெரிய லைட்டப் போடு."

'இது லைட்' என்ற வரியை பாலகுரு தட்டினான். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து இரண்டு வெள்ளைத் தூண்கள் பாய்ந்து மரக்கதவில் மோதி, இடுக்கு இடுக்காக வெளியே பீறிட்டன. யாரோ ஒரு பெண் வீறிட்டாள். பிறகு நூறு குரல்கள்.

"வாறாக அண்ணாச்சி! காப்பாத்த வாறாக!" என்று பாலகுரு கார்க் கண்ணாடியில் முகத்தைப் பதித்து, மரக்கதவின் இடுக்கு வழியே பார்த்தான்.

வரவில்லை. ஓடினார்கள். தூக்குவாளியை, செருப்பை, ஒருத்தி தலையில் சுற்றிய துண்டைக்கூட விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் ஓடினார்கள். ஒச்சப்பன் எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

"நமக்கு எதிர்ப்பக்கமால்ல ஓடுதாக!"

"ஓடத்தாம்லே செய்வாக. ஷெட்டுல தீயின்னா கிட்ட வாறதுக்கு அவுகளுக்கு என்ன கிறுக்கா?" பத்திரகாளி மீசையைத் தடவினார். "நான் ஓடுற ஆளப் பாக்கல. ஓடாத ஆளுக்காகக் காத்திருக்கேன். இது தீ இல்ல, காரு லைட்டுன்னு தெரிஞ்ச ஆளு இந்த யூனிட்டுல ஒருத்தர்தான். அந்த ஆளு ஓடமாட்டாரு. அணைக்க வருவாரு."

பாலகுருவுக்கு முதன்முறையாக இவரிடம் வேலைக்குச் சேர்ந்தது சரிதான் என்று பட்டது. அந்த எண்ணத்துக்கு ஆயுள் குறைவு. லேப்டாப் திரை ஒரு தரம் மினுக்கிக் கறுத்தது. பேட்டரி தீர்ந்தது. முன்விளக்குகள் மட்டும், அணைக்கச் சொல்ல ஆள் இல்லாததால், எரிந்துகொண்டே இருந்தன.

"அண்ணாச்சி, ஏதோ வாடை வருதா?"

வந்தது. ரப்பரும் துணியும் சேர்ந்து கருகும் வாடை. முன்பக்கம் சுருட்டாமல் விட்ட தார்ப்பாய், விளக்குக் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. அதன் ஒரு மூலையிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. அதற்கு ஒரு முழம் கீழே, தரையில், சாம்பல் நிறப் பொடி.

பத்திரகாளி மீசையைத் தடவுவதை நிறுத்தினார். "தார்ப்பாய நான் யோசிக்கலலே," என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி பாலகுரு கேட்டதில்லை.

கொண்டி தூக்கும் சத்தம்.

மரக்கதவு திறந்தது. வெளிச்சத்துக்குள், கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, காலில் செருப்பில்லாமல் நின்றவர் சுப்புலட்சுமி. காலையில் காபி கொடுத்த அதே கையில் கார் சாவி.

அவர் புகையைப் பார்த்தார். தார்ப்பாயை இழுக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சிந்திய மருந்தின்மேல் தார்ப்பாயை உரசி இழுக்க அந்த மண்ணில் பிறந்த யாருக்கும் கை வராது.

"சாவிய அமுக்குங்க!" கண்ணாடிக்குள்ளிருந்து பத்திரகாளி கத்தினார். "சாவி சொன்னா லைட்டு அணையும்! சீக்கிரம்!"

அவருடைய கட்டைவிரல் சாவிமேல் போனது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். காட்டில் ஓடியவர்கள் நின்றுவிட்டிருந்தார்கள். திறந்த கதவு, உள்ளே கார், வெளியே முதலாளியம்மா. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமுக்கினால், காணாமல் போன காரின் சாவி யாரிடம் இருந்தது என்பதற்கு அத்தனை பேரும் சாட்சி. கை சேலை மடிப்புக்குள் போய் மறைந்தது.

"அம்மா."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருத்தி எதிர்த்திசையில் ஓடி வந்திருந்தாள். மாரிசெல்வி. தீயென்று நினைத்தும் ஓடி வந்தவள். இந்த இரண்டாவது ஆள் பத்திரகாளியின் கணக்கில் இல்லை.

"கையில என்னம்மா?"

"நீ போயிரு தாயி. இங்கன நிக்காத."

"எங்கண்ணன் திருடலங்கறதுக்கு இவுக ரெண்டு பேரும்தான் இருக்காக. இவுக வெந்துட்டா அவனுக்கு யாரு இருக்கா? நான் போகமாட்டேன். அமுக்குங்கம்மா. வெடிச்சா இந்த ஒரு ஷெட்டோட போகாது. ஊரே போயிரும். ஒங்களுக்குத் தெரியாததா? அமுக்குங்க."

புகை தடித்தது. சுப்புலட்சுமியின் உதடு ஏதோ முணுமுணுத்தது. சாமி பெயரா, புருசன் பெயரா தெரியவில்லை. கை வெளியே வந்தது.

க்ளக். கார் நான்கு கண்ணையும் சிமிட்டியது. விளக்குகள் அணைந்தன.

பாலகுரு கதவைத் திறந்து, குதிகாலைத் தூக்கிக்கொண்டு கோழிபோல நடந்து வெளியே வந்தான். மாரிசெல்வி டீக்கடைக்கு ஓடிப்போய்த் தூக்கி வந்த குடத்திலிருந்து தண்ணீரைத் தார்ப்பாயில் மெதுவாக, ஊற்றுவது தெரியாமல் ஊற்றினாள்.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீக?" என்றார் பத்திரகாளி. "ஒங்களுக்கு ஓட்டத் தெரியாதுன்னுல்ல ஊரே நெனைக்கு?"

"எங்கண்ணன்மாரு எல்லாம் லாரி வெச்சிருந்தாக. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஓட்டுவேன்." சுப்புலட்சுமி தரையைப் பார்த்தே பேசினார். "இந்த யூனிட்டு எனக்குன்னு தனியா வெச்சது. வீட்டுக்காரவுகளுக்குத் தெரியாது. யூனிட்டுக்கு லைசென்ஸும் கெடையாது. அவுக வெளியூர் போற அன்னிக்கு, மகன்ட்ட இருந்து நான் எடுத்து ஒளிச்ச சாவிய வெச்சு வண்டிய எடுத்துட்டு வருவேன். ஒருநா ஏதோ பொத்தானுல கை பட்டுருச்சு. திரையில வீட்டுப் படத்தப் போட்டு இதுதானான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

"அந்தக் கொடிய அழிச்சிருக்கலாமே?" என்றான் பாலகுரு.

"அழிக்கத் தெரியல தம்பி. யார்ட்ட கேக்க? அது தெரிஞ்சவன் அந்தப் பையன் ஒருத்தன்தான். அவன்தான் எல்லார் முன்னாலயும் கேட்டுட்டானே. அவுக ஒருநா அந்தக் கொடியத் தொடந்து வந்துட்டா என் பொழப்பு என்னாகும்? அதான் வண்டியவே இங்கன கொண்டாந்து மறைச்சேன். அவன உள்ள வைப்பாகன்னு நெனைக்கல. வெச்சப்புறம், வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. இன்னிக்கு நீங்க வண்டிக்குள்ள ஏறுனதப் பாத்து, பயத்துல சாவிய அமுக்கிப் பூட்டிட்டேன்."

ஒரு கொடியை அழிக்கத் தெரியாமல், கொடி காட்டிய இடத்திலேயே காரைக் கொண்டுவந்து வைத்த திருட்டு. பாலகுருவின் நாக்கு நுனியில் ஒரு நக்கல் வந்து நின்றது. மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

ஒச்சப்பன் திரும்பி வந்து பெட்டியைத் திறந்தார். பத்திரகாளி போனில் இன்ஸ்பெக்டரைப் பிடித்தார். "ஆமா சார், கார் இருக்கு… சாவியும் இருக்கு… சாட்சியா? ஒரு ஊரே நிக்குது சார், ஜீப்பு பத்தாது." வைத்துவிட்டு மாரிசெல்வி பக்கம் திரும்பினார். இதற்குள் சுப்புலட்சுமி சாவியை நீட்டியிருந்தார். பத்திரகாளியிடம் அல்ல, அவளிடம்.

"குடு தாயி," என்று கை நீட்டினார் பத்திரகாளி. "இன்ஸ்பெக்டர் வந்ததும் அவர்ட்ட ஒப்படைக்கணும். அதுதான் சாட்சியம்."

மாரிசெல்வி அவர் கையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். ரோட்டில் தூசி கிளம்புகிற திசையைப் பார்த்தாள். சாவியை முந்தானையில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

"தாறேன் அண்ணாச்சி," என்றாள். "மொதல்ல எங்கண்ணன வெளிய விடச் சொல்லுங்க."